உணவுமரத்தின் வரைபடம் புழுவின் வரைபடம் ஆகுமா? ஆப்பிரிக்காவின் உண்ணத்தக்க புழுக்களை முன்கணிப்பது குறித்து

பதிவு 1: இலைநரம்பு

அனைவருக்கும் வணக்கம். ஆப்பிரிக்காவில் மக்கள் உணவாகக் கொள்ளும் புழுக்கள் எங்கெங்கு வாழக்கூடும் என்பதை, அவை தின்னும் மரங்களின் பரவலைக் கொண்டு முன்கணிக்கும் முயற்சியில் சில மாதங்களாக ஈடுபட்டிருக்கிறேன். இதுவரை செய்ததையும், எந்த இடத்தில் தடுமாறி நிற்கிறேன் என்பதையும் இங்கே வைக்கிறேன்.

மரத்திலிருந்து தொடங்கியதற்குக் காரணம் எளியது. இந்தப் புழுக்களுள் பெரும்பாலானவை சாட்டர்னிடே குடும்பத்து அந்துப்பூச்சிகளின் இளம்பருவம். இக்குடும்பத்தில் முதிர்ந்த பூச்சிக்கு உண்ணும் வாயுறுப்பு செயல்படுவதில்லை. சில நாள்களே வாழ்ந்து, இணைசேர்ந்து, முட்டையிட்டு மடிகிறது. ஆகவே அந்த உயிரின் வாழ்நாள் உணவு முழுவதும் புழுப்பருவத்தில் தின்ற இலைதான். தாய் எந்த மரத்தில் முட்டையிட்டதோ அதுவே அதன் விதி. தாவரங்களும் அவற்றைத் தின்னும் வண்ணத்துப்பூச்சிகளும் ஒன்றையொன்று வடிவமைத்தன என்று 1964-இல் உயிரியலாளர்கள் எர்லிக்கும் ரேவனும் விளக்கிய நாளிலிருந்து, இலையின் வேதிப்பொருளே இவ்வுறவின் பூட்டும் சாவியும் என்பது ஏற்கப்பட்ட கருத்து.

இரண்டாவது காரணம் தரவு. புழுக்களைப் பற்றிய இடக்குறிப்புகள் மிகக் குறைவு. மரங்களைப் பற்றியவையோ ஏராளம். 2016-இல் வெளியான ரெயின்பயோ தொகுப்பில் மட்டும் வெப்பமண்டல ஆப்பிரிக்கத் தாவரங்களுக்கு 6 லட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகள் உள்ளன. தெரிந்ததிலிருந்து தெரியாததை நோக்கிச் செல்வதுதானே முறை?

முதலில் மோபேன் புழுவை எடுத்துக்கொண்டேன். அதன் அறிவியல் பெயர் கோனிம்பிரேசியா பெலினா. அது தின்னும் மோபேன் மரம் லிம்போப்போ, சாம்பெசி, லுவாங்வா ஆகிய ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலும், வடக்கு நமீபியா, போட்ஸ்வானா, தெற்கு அங்கோலா ஆகிய நிலப்பகுதிகளிலும் பரந்து நிற்கிறது. மரத்தின் பதிவுகளையும் தட்பவெப்பத் தரவையும் மேக்ஸென்ட் என்ற பரவல் கணிப்பு முறையில் இட்டு வரைபடம் எடுத்தேன். மரத்தின் வரைபடம் நன்றாகவே வந்தது. அதையே புழுவின் வரைபடமாகக் கொண்டபோதுதான் குழப்பம். மரம் நிற்கும் இடமெல்லாம் புழு உண்டு என்று வரைபடம் சொல்கிறது. உண்மையிலோ புழு திட்டுத்திட்டாகவே பெருகுகிறது. அதே வேளையில், தென்னாப்பிரிக்காவில் மோபேன் மரத்தின் எல்லைக்குத் தெற்கேயும் அப்புழு வேறு மரங்களைத் தின்று வாழ்கிறது. அந்த இடங்களை என் வரைபடம் முழுவதுமாகத் தவறவிடுகிறது. ஒரே வரைபடம் ஒரு பக்கம் மிகையாகவும் மறுபக்கம் குறைவாகவும் பிழைபடுகிறது.

உணவுமரத்தின் பரவலை, அதற்கு வெளியே புழு இல்லை என்று சொல்லும் வேலியாகக் கொள்வதா, மழை, வெப்பம் போன்ற காரணிகளோடு மற்றொரு காரணியாகச் சேர்ப்பதா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பதிவு 2: கூட்டுப்புழு

நல்ல தொடக்கம். ஆனால் மரத்தைப் பற்றிப் பேசும் நாம் மண்ணை மறந்துவிடுகிறோம்.

மோபேன் புழு இலையில் இருப்பது ஏறத்தாழ ஆறு வாரங்கள். பிறகு மரத்தைவிட்டு இறங்கி, மண்ணைக் குடைந்து உள்ளே போய்க் கூட்டுப்புழுவாகிறது. பல இடங்களில் ஆண்டுக்கு இரண்டு தலைமுறைகள் உண்டு. ஒன்று டிசம்பரை ஒட்டியும், மற்றொன்று மார்ச், ஏப்ரலை ஒட்டியும் அறுவடைக்கு வரும். இரண்டாம் தலைமுறையின் கூட்டுப்புழு குளிர்ந்த வறண்ட மாதங்கள் முழுவதையும் மண்ணுக்குள்ளேயே கழித்துவிட்டு, அடுத்த மழைக்குத்தான் வெளிவருகிறது. ஆக, ஆண்டின் பெரும்பகுதி இந்த உயிரின் முகவரி மரமன்று, மரத்தடி மண். மோபேன் மரம் இறுகிய களிமண்ணிலும் வளரும், மணற்பாங்கான நிலத்திலும் வளரும். புழுவுக்கு அவ்விரண்டும் ஒன்றல்ல. குடைய முடியாத இறுக்கமும் நீர் தேங்கும் பள்ளமும் கூட்டுப்புழுவைக் கொல்லக்கூடியவை.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் விடை: மரம் இன்றியமையாதது, ஆனால் போதுமானதன்று. நீங்கள் வரைந்தது புழுவின் சமையலறையை. அதன் படுக்கையறையை இன்னும் வரையவில்லை.

உணவுமரப் பட்டியலைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ‘ஹோஸ்ட்ஸ்’ தரவுத்தளம் போன்றவை மிகவும் பயனுள்ளவை. ஆயினும் இவ்வகைப் பட்டியல்களில் காட்டில் கண்ட உணவும், அந்துப்பூச்சி வளர்ப்போர் கூண்டில் இட்டுத் தின்னவைத்த இலையும் கலந்திருக்கும். வேறு கண்டத்து மரத்தின் இலையைக்கூடச் சாட்டர்னிடே புழு தின்று முதிர்ந்துவிடும். அதனால் அம்மரம் காட்டில் அதன் உணவுமரம் ஆகிவிடாது. ஒவ்வொரு வரியையும் ‘யார், எங்கே, எந்தப் பருவத்துப் புழுவைக் கண்டார்’ என்று கேட்டுப் பிரிக்காமல் முன்கணிப்பு மாதிரியில் இட வேண்டாம். கடைசிப் பருவத்துப் புழு பக்கத்து மரத்துக்கு ஊர்ந்துபோய் எதையேனும் கடித்துக்கொண்டிருக்கும். முட்டை கண்ட மரமே நம்பத்தக்க சான்று.

பதிவு 3: வேர்ச்சொல்

கூட்டுப்புழு அவர்கள் பட்டியலைப் பற்றிச் சொன்னதை ஒட்டி ஒன்று. பல இடங்களில் புழுவின் பெயரே உணவுமரத்தைச் சொல்லிவிடுகிறது. புர்க்கினா ஃபாசோவில் பெரிதும் விரும்பி உண்ணப்படும் புழுவை ஜூலா மொழியில் ‘சிதுமு’ என்கிறார்கள். ‘சி’ என்றால் ஷியா மரம் (வெண்ணெய் எடுக்கும் கொட்டை தரும் மரம்), ‘துமு’ என்றால் புழு. கொங்கோ ஆற்றுப்படுகையிலும் மரத்தின் பெயரால் புழுவை அழைக்கும் வழக்கம் பல மொழிகளில் உண்டு. வட்டாரப் பெயர்களைத் தொகுத்தாலே காட்டில் கண்ட உணவுமரப் பட்டியல் ஒன்று கையில் கிடைக்கும். கூண்டு வளர்ப்பின் கலப்பு அதில் இராது.

பதிவு 4: வரைகட்டம்

மாதிரி அமைக்கும் பக்கத்திலிருந்து என் கருத்துகளைச் சொல்கிறேன். சற்று நீளும், பொறுத்தருள்க.

ஓர் உயிர் ஓரிடத்தில் இருக்க மூன்று நிபந்தனைகள் ஒருசேர நிறைவேற வேண்டும் என்று 2005-இல் சூழலியலாளர்கள் சோபெரோனும் பீட்டர்சனும் வகுத்துக் காட்டினார்கள்: அதற்கேற்ற தட்பவெப்பம், அதற்கு வேண்டிய பிற உயிர்கள், அந்த இடத்தை அது சென்றடையும் வாய்ப்பு. நண்பர் இலைநரம்பு இரண்டாவது நிபந்தனையை மட்டும் கொண்டு மூன்றையும் நிரப்பப் பார்க்கிறார். சிலநாளே உயிர்வாழும், உணவே உட்கொள்ளாத ஒரு பூச்சிக்கு மூன்றாவது நிபந்தனை பெரிய தடை. வறட்சியாலோ அளவுமீறிய அறுவடையாலோ ஒரு திட்டில் புழு அற்றுப்போனால், மரங்கள் அத்தனையும் பச்சையாக நின்றாலும் அங்கே புழு திரும்பிவரப் பல ஆண்டுகள் ஆகலாம். அந்த வெற்றிடத்தை எந்தத் தட்பவெப்ப வரைபட அடுக்கும் காட்டித்தராது.

‘வேலியா, காரணியா’ என்ற கேள்விக்கு வருகிறேன். மரத்தின் வரைபடத்தை நீங்கள் மழையையும் வெப்பத்தையும் கொண்டுதான் வரைந்தீர்கள். அதை ஒரு காரணியாக எடுத்து, அதே மழையோடும் வெப்பத்தோடும் மீண்டும் சேர்த்துப் புழுவின் மாதிரியில் இட்டால், ஒரே செய்தியை இருமுறை சொல்கிறீர்கள். மாதிரி மரத்துக்கு எவ்வளவு மதிப்பளித்தது, மழைக்கு எவ்வளவு அளித்தது என்று பிரித்துப் பார்க்க இயலாமற் போகும். மரத்தை முன்கணித்த வரைபடத்தைவிட, அளந்து கண்ட மரத்தரவு எங்கு கிடைக்கிறதோ அங்கு அதையே பயன்படுத்துவது நல்லது.

வேலியாகக் கொள்வதென்றால், அந்த வேலி எல்லா உணவுமரங்களின் கூட்டாக இருக்க வேண்டும். மோபேனை மட்டும் வைத்தால் தெற்கே பிழைபடுவது இயல்பே. மருலா முதலிய மற்ற உணவுமரங்களையும் சேர்த்து, வரைபடத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் அவற்றுள் ஒன்றேனும் இருக்கும் வாய்ப்பைக் கணக்கிடுங்கள். ஆனால் அவ்வாறு சேர்க்கச் சேர்க்க வேலி விரிந்துகொண்டே போய், கடைசியில் கண்டத்தின் பாதியை வளைத்துவிடும். எதையும் விலக்காத வேலியால் என்ன பயன்? எனவே முதன்மை உணவுமரம், துணை உணவுமரம் என்று எடையிட்டுச் சேர்ப்பதே சரி. அந்த எடையையும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாற்றுங்கள்.

அடுத்தது, புழுப் பதிவுகளின் தரம். உலகின் உயிரினப் பதிவுகளைத் திரட்டித் தரும் ஜிபிஐஎஃப் தளத்திலிருந்து இறக்கும் பதிவுகளுள் புழுவைக் கண்டவை எத்தனை, இரவில் விளக்குக்கு வந்த அந்துப்பூச்சியைக் கண்டவை எத்தனை என்று முதலில் பிரியுங்கள். விளக்குக்கு வந்த ஆண்பூச்சி அங்கே பறந்து வந்திருக்கிறது என்பதைத்தான் காட்டுகிறது. அங்கே புழு வளர்ந்தது என்பதற்கு அது சான்றாகாது. மேலும் பதிவுகள் சாலையோரத்திலும் ஆற்றோரத்திலும் நகரத்தருகிலும் குவிந்திருக்கும். ஒப்பிடுவதற்காக எடுக்கும் பின்புலப் புள்ளிகளைக் கண்டம் முழுவதும் சீராகத் தூவினால், மாதிரி கற்றுக்கொள்வது புழுவின் வாழிடத்தையன்று, ஆய்வாளரின் பயணப் பாதையை. அதே வட்டாரத்தில் பதிவான மற்ற அந்துப்பூச்சிகளின் இடங்களைப் பின்புலமாகக் கொள்வது இக்கோளாற்றைப் பெருமளவு குறைக்கும். சோதிக்கும்போதும் புள்ளிகளைக் கலைத்துப்போட்டுப் பிரிக்காமல், நிலத்தைப் பெரிய தொகுதிகளாக வெட்டி ஒன்றை ஒதுக்கிவைத்துச் சோதியுங்கள். இல்லையெனில் மாதிரியின் திறனை அளக்கும் ஏயூசி மதிப்பு உயர்ந்து நின்று உங்களை ஏமாற்றும்.

பதிவு 5: இலைநரம்பு

மூவருக்கும் நன்றி. மண்ணைப் பற்றிய கருத்து என் கண்ணைத் திறந்தது. அந்துப்பூச்சிப் பதிவுகளைப் பிரிக்காமல் இட்டது என் தவறே. பிரித்துப் பார்த்ததில் புழுவைக் கண்ட பதிவுகள் கைவிரலில் எண்ணத்தக்கனவாகச் சுருங்கிவிட்டன.

ஆனால் வரைகட்டம் அவர்கள் சொன்ன ஒன்றில் எனக்கு மாறுபாடு உண்டு. வட்டாரத்துக்கு வட்டாரம் எடையை மாற்றுவது, விடையைத் தெரிந்துகொண்டு கணக்குப் போடுவது ஆகாதா? சிரினா ஃபோர்டா என்ற புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். அது தென்னாப்பிரிக்க வட்டாரங்களில் பர்க்கியா ஆப்ரிகானா மரத்திலும், மேற்கு ஆப்பிரிக்காவில் ஷியா மரத்திலும் இருப்பதாகப் பதிவுகள் சொல்கின்றன. ஒரே இனம் இரண்டு மரங்களையும் தின்னும் என்றால் இரண்டையும் எல்லா இடத்திலும் உணவுமரமாகக் கொள்வதுதானே நேர்மையான முறை?

பதிவு 6: வேர்ச்சொல்

நீங்கள் எடுத்த எடுத்துக்காட்டே உங்கள் வாதத்துக்கு எதிராக நிற்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் ஷியா மரத்தைத் தின்னும் புழுவுக்கு 1911-இலேயே வூயே என்பவர் சிரினா ப்யூட்டிரோஸ்பெர்மி என்று தனிப்பெயர் இட்டிருந்தார். ஷியா மரத்தின் பழைய அறிவியல் பெயரான ப்யூட்டிரோஸ்பெர்மம் என்பதிலிருந்து வந்த பெயர் அது. நெடுங்காலம் அதையும் சிரினா ஃபோர்டா என்றே எழுதிவந்தார்கள். இப்போது மீண்டும் தனி இனமாகக் கொள்கிறார்கள். ஆக ‘ஒரே புழு, இரண்டு மரம்’ என்று நீங்கள் கண்டது உண்மையில் இரண்டு புழுக்கள்.

இது சிரினாவோடு நிற்பதன்று. மோபேன் புழுவின் பதிவுகள் இம்பிரேசியா பெலினா, கோனிம்பிரேசியா பெலினா என்ற இரண்டு பெயர்களிலும் சிதறிக் கிடக்கின்றன. இம்பிரேசியா, கோனிம்பிரேசியா, நுடாரேலியா ஆகிய பேரினங்களுக்கு இடையே இனங்கள் மாறி மாறி வைக்கப்பட்டிருப்பதால், ஒரு பெயரை மட்டும் தேடி இறக்கினால் பாதிப் பதிவுகள் கைக்கு வராது. உணவுமரம் வேறுபடும் இடத்தில் முதலில் இனம் ஒன்றுதானா என்று ஐயுறுங்கள். மாதிரியின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

பதிவு 7: இலைநரம்பு

ஏற்றுக்கொள்கிறேன். இரண்டையும் பிரித்துவிடுகிறேன்.

பதிவு 8: காட்டுவழி

இதுவரை பேசியது பெரும்பாலும் வெட்டவெளிக் காடுகளைப் பற்றி. கொங்கோப் படுகையின் அடர்ந்த மழைக்காட்டுக்குள் வந்தால் நிலைமை வேறு. என்னுடைய கவலையும் அங்கேதான் இருக்கிறது.

அங்கே பெரிதும் விரும்பப்படும் புழுக்களுள் ஒன்று இம்பிரேசியா ஓயமென்சிஸ். அதன் உணவுமரம் சப்பெல்லி, அதாவது எண்டாண்ட்ரோஃப்ராக்மா சிலிண்ட்ரிகம். காட்டின் மேற்கூரையையும் தாண்டி நிற்கும் பெருமரம் அது. மழைமாதங்களில் முதிர்ந்த புழுக்கள் அந்த உயரத்திலிருந்து கீழே இறங்கும்போது மக்கள் மரத்தடியில் பொறுக்கியெடுக்கிறார்கள். மரத்தின் உச்சியில் அவை வாழும் வாரங்களில் எந்த ஆய்வாளர் கண்ணிலும் படுவதில்லை. ஆகவே அங்கு ‘புழு இல்லை’ என்ற பதிவுக்குப் பொருளே இல்லை. உரிய வாரத்தில், உரிய மரத்தடியில் நின்றவர் சொன்னால் மட்டுமே அது பதிவு.

இதே சப்பெல்லி உலகச் சந்தையில் விலைபோகும் மரமும் ஆகும். கேமரூன், கொங்கோ, நடு ஆப்பிரிக்கக் குடியரசு, கொங்கோ ஜனநாயகக் குடியரசு ஆகிய நாடுகளின் வெட்டு உரிமைப் பகுதிகளில் முதலில் வீழ்வது பெரிய சப்பெல்லிகளே. மேற்கு ஆப்பிரிக்காவில் அனாஃபே வெனாட்டா புழுவின் உணவுமரமான ட்ரிப்ளோகைட்டனும் அவ்வாறே வெட்டுமரம். ஒரு கிலோமீட்டர் சதுரக் கட்டத்தில் ‘சப்பெல்லிக்கு ஏற்ற இடம்’ என்று வரைபடம் காட்டலாம். அக்கட்டத்தில் புழு வாழத்தக்க பெருமரம் சென்ற ஆண்டே லாரியில் ஏறிப் போயிருக்கலாம். வெட்டத்தக்க பருமனுள்ள சப்பெல்லி பெரும்பாலும் ஹெக்டேருக்கு ஒன்றுகூட இராது. அந்த ஒன்று போனால் அங்கே மிச்சமிருப்பது புழுவற்ற காடு.

ஆனால் இதிலேயே உங்களுக்கு ஒரு வாய்ப்பும் இருக்கிறது. வெட்டு உரிமை பெற்றவர்கள் வெட்டுவதற்கு முன் மரங்களை எண்ணி, விட்டமளந்து, இடம் குறித்து இருப்புக் கணக்கு எடுக்கிறார்கள். முன்கணித்த மரத்தைவிட அளந்த மரம் நல்லது என்று வரைகட்டம் அவர்கள் சொன்னாரே, அந்த அளந்த மரம் இந்தக் கணக்குகளில் இருக்கிறது. மரவணிகத்துக்காக எடுத்த கணக்கு, எந்த மரத்தை வெட்டாமல் விட வேண்டும் என்று புழு பொறுக்கும் மக்கள் வாதிடுவதற்கும் சான்றாக வேண்டும். இம்முயற்சியில் எனக்கு மிகவும் வேண்டிய பயன் இதுதான்.

பதிவு 9: கூட்டுப்புழு

காட்டுவழி அவர்கள் எழுதியதைப் படித்தபோது மற்றொன்று தோன்றியது. மரத்துக்கும் புழுவுக்கும் காலம் ஓடும் வேகம் வேறு. இன்று நிற்கும் பெரிய சப்பெல்லி முளைத்தது நூற்றாண்டுகளுக்கு முந்தைய மழையில். இன்றைய மழை அதன் நாற்றுகளுக்கு ஒத்துவராமற் போனாலும், அது தன் இடத்தில் நின்றுகொண்டே இருக்கும். புழுவோ ஒரு பருவமழை பிந்தினாலே தடுமாறிவிடும். ஆகவே தட்பவெப்ப மாற்றத்தின் விளைவை 2050-க்கோ 2070-க்கோ முன்கணிக்கும்போது மரத்தின் வரைபடத்தை மட்டும் நகர்த்தினால், புழுவுக்கு நேரும் இழப்பு மிகப் பிந்தியே வரைபடத்தில் தெரியும். மரம் இருக்கும், புழு இராது.

பதிவு 10: மழைமாதம்

‘எங்கே’ என்பதையே எல்லோரும் பேசுகிறீர்கள். ‘எப்போது’ என்பதைச் சேர்க்காமல் ‘எங்கே’ நிறைவுறாது.

சாம்பியாவின் வடபகுதியிலுள்ள மியோம்போ எனப்படும் திறந்த வனங்களில் கினானிசா மாஜா, கோனிம்பிரேசியா சாம்பெசினா ஆகிய இரு புழுக்களை மக்கள் பொறுக்குகிறார்கள். அவற்றின் முதன்மை உணவுமரங்களுள் ஒன்று ஜுல்பெர்னார்டியா பானிகுலாட்டா. மியோம்போ மரங்கள் மழைக்கு முன்பே, செப்டம்பர், அக்டோபரில் தளிர்விடுபவை. அத்தளிர் காலத்தில்தான் காட்டுத்தீயும் மிகக் கடுமையாக எரியும். வறட்காலத் தொடக்கத்திலேயே எரியும் தீ மென்மையானது; தளிரையும் முட்டையையும் அது தொடுவதில்லை. பிந்தி எரியும் தீ இரண்டையும் பொசுக்கிவிடும். ஒரே மரம், ஒரே மண், ஒரே மழை இருந்தும் பக்கத்துப் பக்கத்துக் காடுகளில் ஒன்றில் புழு மொய்ப்பதற்கும் மற்றொன்றில் இல்லாததற்கும் தீ எரிந்த மாதம் காரணமாகலாம். தீத்தடங்களைச் செயற்கைக்கோள் படங்கள் மாதவாரியாகத் தருகின்றன. அதை ஓர் அடுக்காகச் சேர்ப்பது கடினமன்று.

அதே வட்டாரத்தில், ம்பிக்கா பக்கத்துக் கோப்பா பகுதியில் வாழும் பிசா மக்களிடம் இதற்கான கட்டுப்பாடு வழிவழியாக இருந்துவருகிறது. முட்டையும் புழுவும் வளர்வதைக் கண்காணிப்பது, உணவுமரங்களைப் பிந்திய தீயிலிருந்து காப்பது, குறித்த நாளுக்கு முன் யாரும் பொறுக்கக்கூடாது என்று தடுப்பது ஆகியவை அதில் அடங்கும். புழு எங்கே, எப்போது, எவ்வளவு என்ற முன்கணிப்பை அம்மக்கள் ஆண்டுதோறும் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். மாதிரியைச் சோதிக்க அதைவிட நல்ல சான்று கிடையாது.

ஆனால் அச்சான்றைப் பெற்று வரைந்த நுண்ணிய வரைபடத்தை எல்லோரும் காண வெளியிடுவதை நான் ஏற்கமாட்டேன். காய்ந்த புழுவுக்கு வணிகம் பெருகியிருக்கும் இடங்களில், வெளியார் வண்டிகளோடு வந்து முதிராத புழுவையும் சேர்த்து அள்ளிச்செல்வதும், எட்டாத கிளைக்காக மரத்தையே வெட்டுவதும் நடந்திருக்கின்றன. கட்டுப்பாடு விதித்துக் காத்தவர்களின் காட்டுக்கு நாமே வழிகாட்டக்கூடாது.

பதிவு 11: வரைகட்டம்

மழைமாதம் அவர்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். பொதுவில் பெரிய கட்டங்களாகவும், நுண்ணிய வரைபடத்தை அந்தந்த ஊராரிடமும் தருவது முறை.

கூடுதலாக ஒன்று. ஓரிடத்தில் மக்கள் புழுவை உண்கிறார்கள் என்பதும், அங்கே புழு வாழ்கிறது என்பதும் இருவேறு செய்திகள். ஷியா மரம் செனகலிலிருந்து கிழக்கே உகாண்டா வரை நீண்ட பட்டையாகப் பரவியிருக்கிறது. புழுவை உண்ணும் வழக்கமோ தென்மேற்குப் புர்க்கினா ஃபாசோ, நைஜீரியாவின் குவாரா மாநிலம் போன்ற சில வட்டாரங்களில்தான் பெருவழக்கு. உண்ணாத ஊரிலிருந்து பதிவு வருவதில்லை. அதைப் புழு இல்லாத ஊர் என்று மாதிரிக்குக் கற்பித்துவிட வேண்டாம்.

பதிவு 12: இலைநரம்பு

இந்த உரையாடலுக்குப் பிறகு வேலையை அடியிலிருந்து மாற்றி அமைக்கிறேன். ஒரே வரைபடம் என்ற எண்ணத்தைக் கைவிட்டேன். முதல் அடுக்கு, அளந்த அல்லது பதிவான உணவுமரங்கள். முட்டையோ இளம்புழுவோ கண்ட மரங்கள் மட்டும், வட்டாரவாரியாக. இதற்கு, ‘கீழ்க் கொங்கோ’ எனப்படும் வட்டாரத்தில் பால் லேத்தம் தொகுத்ததும், கட்டாங்கா வனங்களில் ஃபிரான்சுவா மலேஸ் பதிவுசெய்ததும், வட்டாரப் பெயர்களும் அடிப்படையாக இருக்கும். இரண்டாம் அடுக்கு, கூட்டுப்புழு வாழும் மண்ணும் தீ எரியும் மாதமும். மூன்றாவது, புழு உண்மையில் காணப்பட்ட இடமும் வாரமும். முதல் அடுக்கில் மரம் இருந்தும் மூன்றாம் அடுக்கில் புழுப் பதிவு இல்லாத கட்டத்தை ‘புழு இல்லை’ என்று குறிக்காமல், ‘மரம் உண்டு, பார்த்தவர் இல்லை’ என்று தனி நிறத்தில் காட்டப்போகிறேன். முன்பு மிகை என்று நினைத்த இடங்களுள் பல அந்த நிறத்துக்குள் போய்விடும் என்று எதிர்பார்க்கிறேன்.

முதலில் மோபேனை எடுத்துக்கொள்ளாமல் சிரினா ப்யூட்டிரோஸ்பெர்மியோடு தொடங்குகிறேன். அதற்கு உணவுமரம் ஒன்றுதான். மரமும் உழவர்கள் தம் வயல்களில் வெட்டாமல் காத்துவரும் மரம். மரத்தின் இருப்பில் ஐயமில்லாத அந்த நிலத்திலும் புழு திட்டுத்திட்டாக இருக்கிறதென்றால், எஞ்சிய காரணங்களை அங்கேதான் தெளிவாகக் காண முடியும். மண் அடுக்கைச் சேர்த்தவுடன் முதல் வரைபடத்தைப் பெரிய கட்டங்களில் இங்கே பதிவிடுகிறேன். கூட்டுப்புழு அவர்கள் அதில் களிமண் பகுதிகளை முதலில் பார்த்துச் சொல்ல வேண்டுகிறேன்.